டிரா கையோடு ரெய்ஸ்: யார் ஃபோல்ட் செய்வார்கள் என்பதுதான் கேள்வி

போக்கரில் ஃபிளஷ் டிராவோ (ஒரே ஜாதியில் ஐந்து கார்டு சேர ஒன்று குறைவு) ஸ்ட்ரெய்ட் டிராவோ (வரிசை எண்ணில் ஐந்து கார்டு சேர ஒன்று குறைவு) கிடைத்தால் பேசாமல் கால் செய்துவிட்டு, அதாவது எதிராளி வைத்த அளவு மட்டும் போட்டுவிட்டு, அடுத்த கார்டுக்குக் காத்திருப்பவர்கள்தான் அதிகம். நான் ரெய்ஸ் செய்கிற, அதாவது தொகையை ஏற்றுகிற கட்சி. கார்டு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் இல்லை. எதிரே இருப்பவர் ஃபோல்ட் செய்வார், கையைக் கீழே போட்டு விலகுவார் என்ற கணக்கில்.

நன்றாக நினைவிருக்கும் ஒரு கையைச் சொல்கிறேன். நோ லிமிட் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு கார்டு கையில், ஐந்து பொதுக் கார்டு மேஜையில் (முதல் மூன்று ஃபிளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர்), பெட்டுக்கு உச்சவரம்பு இல்லை. நான் பிக் பிளைண்டில் (கார்டு வரும் முன்பே கட்டாயத் தொகை போடும் இடம்), கையில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. முதலில் பேச வேண்டிய இடத்திலிருந்தே ஒருவர் ரெய்ஸ் செய்தார். நல்ல கை இல்லாமல் அவர் சிப்பைத் தொடவே மாட்டார். நான் மட்டும் கால். ஃபிளாப்பில் ஆர்ட்டின் 7, ஆர்ட்டின் 6, கிளாவர் 2. நான் செக் (ஒன்றும் போடாமல் விட்டேன்), அவர் பெட், நான் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ரெய்ஸ். மனிதர் சிப்பை எண்ணினார், திரும்ப அடுக்கினார், "செட்டா?" என்று கேட்டார், ஒரே எண்ணில் மூன்று கார்டு சேர்ந்துவிட்டதா என்று. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கறுப்பு ராணிகளைத் திருப்பிக் காட்டிவிட்டு ஃபோல்ட் செய்தார்.

அவர் கால் செய்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒன்பது ஆர்ட்டின், அது போக ஆர்ட்டின் அல்லாத 5, 10 ஆறு, ஆக 15 அவுட், அதாவது வந்தால் என் கையை முடித்துத் தரும் கார்டுகள். இரண்டு கார்டு பாக்கி இருக்கும்போது அதில் ஒன்றாவது வர 54% வாய்ப்பு. கையில் 9-தான் பெரிய கார்டு, ஆனாலும் ராணி ஜோடிக்கு எதிராக நான்தான் கொஞ்சம் முன்னால் இருந்தேன்.

எல்லா டிராவும் இவ்வளவு கொழுத்ததாக இருக்காது என்பது சரி. வெறும் ஃபிளஷ் டிரா என்றால் ஃபிளாப்பில் 35%, டர்னுக்கு அப்புறம் 20%கூட இல்லை. அப்போதும் ரெய்ஸ் நிற்குமா? டர்னில் பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) 100, உங்களிடம் மிச்சம் 100 என்று வையுங்கள். கையில் ஒன்றுமே இல்லாமல் ஆல்-இன் போனால் (மிச்சம் எல்லாவற்றையும் போட்டால்), பாதித் தடவை எதிராளி ஃபோல்ட் செய்தால்தான் கைக்காசு தப்பும். ஃபிளஷ் டிரா இருந்தால் 29% தடவை ஃபோல்ட் செய்தாலே போதும். அந்த ஒன்பது கார்டு வாங்கிக் கொடுக்கும் சலுகை இதுதான்.

ஆனால் 29%கூடக் கொடுக்காத ஆட்கள் இருக்கிறார்கள்! என்னோடு அடிக்கடி ஆடும் ஒருவர் கீழ்ஜோடியை (மேஜையில் இருப்பதிலேயே சின்னக் கார்டோடு சேர்ந்த ஜோடியை) வைத்துக்கொண்டே ரிவர் வரை கால் செய்வார், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அவரிடம் நான் டிராவை ரெய்ஸ் செய்வதே இல்லை. மலிவாகக் கார்டு பார்ப்பேன், வந்துவிட்டால் பெரிதாகப் போடுவேன். அதற்கும் அவர் கால் செய்வார், அது வேறு விஷயம்.

நாலு பேர் இருந்த ஒரு பாட்டில் நான் ஃபோல்ட் செய்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபிளாப்பில் இரண்டு ஸ்பேட். ஒருவர் ஸ்பேட் 5, 4-ஐ வைத்துக்கொண்டு ஆல்-இன். கால் செய்தவர் கையில் ஸ்பேட் ஏஸும் இன்னொரு ஸ்பேடும். டர்னில் ஸ்பேட் விழுந்தது, ஆல்-இன் போனவர் மேஜையைத் தட்டிக் குதித்தார். எதிர்க் கை திரும்பியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு நெடுநேரம் அதிர்ஷ்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அதிர்ஷ்டத்துக்கு இதில் என்ன வேலை? மூன்று பேரும் ஃபோல்ட் செய்ய வேண்டும், அதோடு சின்ன ஃபிளஷ் வந்தாலும் பெரிய ஃபிளஷ்ஷிடம் மாட்டும். ஏஸோடு வரும் ஃபிளஷ் டிராவையும் இதையும் ஒரே மாதிரி ஆடக்கூடாது.

ரிவரில் ஒன்றும் வராமல் போனால் மறுபடியும் பெட் வைப்பதா என்பதில் என் பழக்கம் கொஞ்சம் வேறு. வராமல் போனது ஃபிளஷ் டிரா என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவேன். அந்த ஜாதியில் இரண்டு கார்டு என் கையிலேயே இருப்பதால், எதிராளியும் அதே ஃபிளஷ்ஷுக்குக் காத்திருந்து ஏமாந்திருக்கும் வாய்ப்பு குறைகிறது. ஃபோல்ட் செய்யக்கூடிய கைகளே அவைதானே. ஸ்ட்ரெய்ட் டிரா தவறினால் அந்தச் சிக்கல் குறைவு. எதிராளி ஃபோல்ட் செய்யத் தெரிந்தவராக இருந்தால் மூன்றாவது தடவையும் பெட் வைத்துவிடுவேன்.