கேப் கோரலில் மனை, வீடு: இன்னும் உறுத்துகிற ஒன்றை எழுதுங்கள் (அனுபவப் பகிர்வு)

நாற்சந்தி:

கேப் கோரல் ஃப்ளோரிடாவின் கால்வாய் நகரம்; அதற்குமேல் அறிமுகம் வேண்டாம், இங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும். 2000 கணக்கெடுப்பில் 1,02,286 பேர், 2020இல் 1,94,016. ஃப்ளோரிடா வெயிலுக்கும் கால்வாய்க்கரைக்கும் ஆசைப்பட்டு நம்மவர்களும் இணையத்தில் படம் பார்த்தே மனை வாங்குகிறார்கள். அதனால் இந்த இழை.

என் பங்குக்கு முகவரி. சோபா ஏற்றி வந்த லாரி, தெரு கால்வாயில் முட்டுகிற முனையில் நிற்கிறது. எதிர்க்கரையில் அந்த வீடு தெரிகிறது, கதவு எண்ணைக்கூடப் படிக்க முடிகிறது. நடுவில் தண்ணீர், பாலம் இல்லை. தெருவின் பெயர் அந்தக் கரையிலும் அதேதான். திரும்பி பெரிய சாலைக்குப் போய்ச் சுற்றி வரவேண்டும்.

இதாவது பரவாயில்லை. ஊரை நான்காகப் பிரித்த கால்பகுதி மாறினால் நாளே போச்சு. சாண்டா பார்பரா புலவார்டு கிழக்கு மேற்கைப் பிரிக்கிறது, ஹான்காக் பிரிட்ஜ் பார்க்வே வடக்கு தெற்கை. ஒரே எண் கொண்ட தெரு நான்கு பகுதியிலும் வரும். என்.டபிள்யூ. (வடமேற்கு), எஸ்.டபிள்யூ. (தென்மேற்கு) என்ற இரண்டெழுத்தை விட்டுவிட்டால் முகவரியே இல்லை. ஸ்ட்ரீட், டெரஸ், லேன் கிழக்கு மேற்காக ஓடும். அவென்யூ, பிளேஸ், கோர்ட் வடக்கு தெற்காக. இதை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்போதும் முதலில் அந்த இரண்டெழுத்து, பிறகுதான் எண்.

படகுத்துறை:

முகவரி ஒரு வாரத்தில் பழகிவிடும். பாலம் பழகாது.

விளம்பரத்தில் 'கல்ஃப் அக்சஸ்' என்று இருந்தால் கடலுக்கு வழி உண்டு, அவ்வளவுதான் அர்த்தம். எவ்வளவு உயரமான படகுக்கு என்று அது சொல்லாது. மேற்கூரை போட்ட படகு ஒன்று, புது வீட்டுக்கு முதல் வருகை, வீட்டுக்கு முந்தைய கடைசிப் பாலத்தடியில் மாட்டி நின்றது. கடல் ஓதம் ஏறிய நேரம். ஆன்டெனாவை மடக்கியாயிற்று, விளக்குக் கம்பத்தைச் சாய்த்தாயிற்று. கூரைக்கும் பாலத்தின் அடிக்கும் நடுவே கை நுழையவில்லை. இரண்டு பேர் பாலத்தின் காங்கிரீட்டில் உள்ளங்கையை ஊன்றிப் படகைப் பின்னால் தள்ளினார்கள். டாக்கும் (படகுத்துறை மேடை) லிஃப்டும் (படகைத் தூக்கி வைக்கும் எந்திரம்) சேர்த்து விலை கொடுத்த வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்தது.

பல பாலங்களில் உயரம் 8 முதல் 10 அடிதான், அதுவும் ஓதத்தைப் பொறுத்து மாறும். பாய்மரப் படகு வைத்திருந்தால் பாலமே இல்லாத 'செயில்போட் அக்சஸ்' மனைதான் வேண்டும், விலையும் அதற்கேற்ப. மற்றவர்கள் தண்ணீர்மட்டத்திலிருந்து கழற்ற முடியாத உச்சிப் பகுதி வரை அளந்து, அதோடு ஒரு அடி சேர்த்துக்கொள்ளுங்கள். படகைக் காலியாக வைத்து அளக்கவேண்டும். எரிபொருளும் ஆளும் ஏறினால் தாழும், காலியாகத் திரும்பும்போதுதான் தலை தட்டும்.

இன்னொன்று: ஆறோ கடலோ, திறந்த நீருக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள், எத்தனை மைல் என்று அல்ல. கால்வாய்களில் மெதுவாகத்தான் ஓட்டலாம். வடமேற்கின் உள்மூலையிலிருந்து கிளம்பினால் திறந்த நீரைப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். குளிர்காலத்தில் வடக்குக் காற்று தண்ணீரை வெளியே தள்ளும்போது லிஃப்டிலிருந்து படகை இறக்கவே ஆழம் போதாத கால்வாய்களும் உண்டு. ஆகவே ஜனவரியில் ஓதம் வற்றிய நேரத்தில் போய்ப் பாருங்கள். ஏஜென்ட் ஓதம் ஏறிய மாலை நேரத்துக்குத்தான் கூட்டிப் போவார்.

நன்னீர்க் கால்வாய் என்றால் கடலுக்கு வழியே இல்லை. படத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

குழாய்வழி:

எல்லோரும் மனைக்கு முன்னால் இருக்கிற தண்ணீரைப் பார்க்கிறார்கள். பார்க்கவேண்டியது உள்ளே வருகிற தண்ணீரையும் வெளியே போகிற தண்ணீரையும்.

வடக்குப் பகுதியில் இன்னும் நகராட்சிக் குழாய் போகாத இடங்களில் போர்வெல், செப்டிக் டேங்க். புது வீட்டில் ஷவரைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம், விருந்தாளிகள் கூடத்தில் இருக்கிறார்கள். நிலத்தடி நீரில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. சுடுநீரில் இன்னும் தூக்கலாகத் தெரியும். மென்னீராக்கி (நீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) மட்டும் வைத்தால் போகாது. போர் மோட்டாரிலிருந்து தண்ணீர் முதலில் ஒரு பெரிய தொட்டியில் தூவலாக விழவேண்டும், வாயு அங்கே பிரியும். அதற்குப் பிறகு குளோரின், அப்புறம் வீட்டுக்குள் அழுத்தம் கொடுக்க இரண்டாவது மோட்டார், மென்னீராக்கி (40 பவுண்டு உப்பு மூட்டை சுமக்கத் தயாராக இருங்கள்), குடிக்க சிங்குக்கு அடியில் ஆர்.ஓ. இந்த வரிசையில் ஒன்று நின்றாலும் நாற்றம் திரும்பும். பெரும்பாலும் நிற்பது குளோரின் ஊட்டும் சின்ன பம்ப்.

பிறகு இடநெருக்கடி. இந்த ஊரை உருவாக்கிய ரோசன் சகோதரர்கள் விற்றது 40க்கு 125 அடி மனை. வீடு கட்ட இரண்டு சேர்க்கவேண்டும்: 80க்கு 125, மொத்தம் 10,000 சதுர அடி. கிணற்றுக்கும் செப்டிக்குக்கும் நடுவே 75 அடி இடைவெளி மாநில விதி. உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுச் செப்டிக்குக்கும் அதே கணக்கு. அதனால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால், வேறு வழியில்லை. கழிவுநீர் இறங்கும் படுகையின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் 24 அங்குலம் வேண்டும். அந்த ஊரில் தோண்டினால் உடனே தண்ணீர், ஆகவே மண்ணைக் கொட்டி மேடு கட்டுவார்கள். முன்வாசலில் புல் போர்த்திய மேட்டைப் பார்த்து 'லேண்ட்ஸ்கேப்பிங் அழகு' என்று மெச்சியவர்கள் உண்டு. அதன் மேல் காரை ஏற்றாதீர்கள். மண் இறுகினால் ஆகஸ்டில் கழிவறையில் கழிவுநீர் திரும்பி ஏறும்.

வடகிழக்கில் மிட் ஹாதார்ன் என்ற நிலத்தடி நீர்த்தாங்கியின் மட்டம் மழையில்லாத மாதங்களில் இறங்கிக்கொண்டே போகிறது. குழாய் துப்பித் துப்பிக் காற்றோடு வந்தால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் எரிந்துவிடும். நீர்மூழ்கி மோட்டார் இறங்குகிற அகலம் போரில் இருந்தால் இன்னும் கீழே இறக்கலாம். இரண்டங்குலக் குழாய் போட்ட பழைய போரில் மோட்டார் தரைக்கு மேலே இருக்கும், சுமார் 25 அடிக்குக் கீழே போன நீரை அது உறிஞ்சாது. புது போர்தான்.

நாற்சந்தி:

குழாய்வழி அண்ணே, இதற்குத்தான் நகராட்சிக் குழாய் வருகிற பகுதியில் வாங்கச் சொல்கிறோம்.

குழாய்வழி:

வருகிற பகுதியில் அல்ல, வந்து முடிந்த பகுதியில். அதிலும் 'வந்தாச்சு' என்பதற்கும் 'பணம் கட்டியாச்சு' என்பதற்கும் நடுவே பெரிய பள்ளம். குடிநீர், கழிவுநீர், பாசனநீர் மூன்றுக்கும் சேர்த்து அசெஸ்மென்ட் (மனைமேல் விதிக்கும் கட்டணம்) போடுவார்கள், ஒரு வழக்கமான மனைக்கு 20,000 டாலரைத் தாண்டும். மொத்தமாகக் கட்டலாம், அல்லது ஆண்டாண்டாகச் சொத்துவரி ரசீதோடு வரும், வட்டியோடு. விற்பவர் பாதி தவணை கட்டியிருந்தால் மீதி உங்கள் தலையில். குளோசிங்குக்கு (கிரயம் முடிக்கும் நாள்) முன் நகராட்சியில் லியன் (சொத்தின் மேலுள்ள பாக்கி) தேடல் செய்து, மூன்றின் மீதியையும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். ஒன்று கட்டியாயிற்று என்றால் மூன்றும் கட்டியாயிற்று என்று அர்த்தமில்லை.

இணைப்பு வாங்கினபின் பழைய செப்டிக் தொட்டியை அப்படியே மூடிவிட முடியாது. அனுமதி வாங்கி, கழிவை உறிஞ்சி எடுத்து, அடியை உடைத்து, சுத்தமான மணல் நிரப்பவேண்டும். உடைக்காமல் விட்டால் மழைநீர் தேங்கும், காலியான தொட்டி நீர்மட்டம் ஏறும்போது மேலே மிதந்தும் வரும்.

ஊதாக்குழாய்:

பாசனநீரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த ஊர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. குடிநீர் உவர்நீரிலிருந்து ஆர்.ஓ. முறையில், 1977 முதல். புல்லுக்கு அதை ஊற்றினால் கட்டுப்படியாகாது என்பதால் சுத்திகரித்த கழிவுநீரையும் கால்வாய் நீரையும் சேர்த்துத் தனிக் குழாயில் 1990களிலிருந்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஊதா மூடி போட்ட குழாய் என்றால் அதுதான். குழந்தைகள் வாய் வைக்கக்கூடாது, நீச்சல்குளம் நிரப்பக்கூடாது. தெளிப்பானை காரின் மேலோ சுவரின் மேலோ படாமல் திருப்புங்கள், கறை படியும். மழையில்லாத மாதங்களில் கால்வாய் மட்டம் விழும்போது எல்லோரும் ஒரே விடியற்காலையில் திறப்பதால் அழுத்தம் போய்விடும். உங்கள் முறை நாள் எது என்று பார்த்து அதன்படி திறங்கள், அபராதம் உண்டு.

ஆந்தைக்கண்:

மண் தள்ளும் எந்திரம் மனை ஓரத்தில் நிற்கிறது. ஒப்பந்தக்காரர் கைகட்டி நிற்கிறார். மனை நடுவே ஒன்பதங்குல உயரத்தில் ஓர் ஆந்தை, நீளக் கால், பட்டப்பகலில், தன் வளைவாசலில் நின்று இருவரையும் முறைக்கிறது. அன்றைக்கு ஜெயித்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

வளை ஆந்தை அந்த நகராட்சியின் பறவை, மாநிலப் பட்டியலில் அச்சுறுத்தலுக்குள்ளான இனம். மரமில்லாத, புல் வெட்டிய, மணல் மனைதான் அதற்குப் பிடிக்கும். ஊரைக் கட்டினவர்கள் மண்ணை வாரிக் கொட்டி ஆயிரக்கணக்கில் அதைத்தான் செய்துவைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 15 முதல் ஜூலை 10 வரை கூடு கட்டும் காலம், வளையைச் சுற்றி 33 அடிக்குள் வேலை கூடாது. மற்ற நாளில் 10 அடி. வளையை மூட மாநில வனவிலங்கு ஆணையத்தின் அனுமதி வேண்டும், முட்டையோ பறக்காத குஞ்சோ இருந்தால் கிடைக்காது. வெள்ளை பிவிசி குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தால் வளை என்று தெரிந்துவிடும். குச்சி இல்லாவிட்டால் இல்லை என்று நினைக்காதீர்கள். நான்கு மூலையும் நடங்கள். புது மணல் குவியல், வெள்ளை எச்சம், இறகு பார்க்கவேண்டும். துளை வட்டமாக இல்லாமல் அடி தட்டையாக, அரைநிலா வடிவில் இருந்தால் அது கோஃபர் ஆமை. அதற்கு 25 அடி, இடம் மாற்ற வேறு அனுமதி, செலவு உங்களுடையது. ஆமை வளையில் ஆந்தை குடியேறுவதும் உண்டு, அப்போது இரண்டு விதியும் சேரும்.

கரைமண்:

ஆந்தை, ஆமை எல்லாம் கட்டுவதற்கு முந்தைய தலைவலி. கட்டின பிறகு சீவால், அதாவது கால்வாய்க்கரைத் தடுப்புச் சுவர்.

2022 செப்டம்பர் 28, இயன் புயல். ஏறிய தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் வீட்டுக்கு ஒரு கீறல் இல்லை. பின்பக்கப் புல்வெளி மட்டும் டாக்கோடு சேர்ந்து கால்வாய்க்குள் படுத்திருக்கிறது. அலை அடித்து உடையவில்லை, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மண் முழுக்க நீர் குடித்துக் கனத்திருக்கும்போது கால்வாய் மட்டம் வேகமாக இறங்கியது. எதிர்ப்பக்கம் தாங்க தண்ணீர் இல்லை. பின்னாலிருந்து மண் தள்ளியதில் காங்கிரீட் பலகைகள் முன்னால் சாய்ந்தன.

பார்க்கவேண்டியவை: சுவர் உச்சியின் காங்கிரீட் தொப்பியில் நீளவாக்கில் விரிசல், அதில் துருக்கறை. நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் வயிறு தள்ளியிருப்பது. சுவருக்குப் பின்னால் புல்லில் கிண்ணம் போல் குழி, அதுதான் மோசம், பலகை இணைப்பு வழியாக மண் கசிகிறது என்று அர்த்தம். நீர் வெளியேறும் துளைகள் சிப்பி அடைத்திருந்தால் குத்தித் திறக்கவேண்டும். கூரைநீர்க் குழாயைச் சுவருக்குப் பின்னால் விடவே கூடாது. பின்னால் புதைத்த நங்கூரக் கம்பியை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை, பழைய சுவர்களில் முதலில் போவது அது. வற்றிய ஓதத்தில் படகில் வந்து முன்பக்கத்தைப் பார்க்கும் ஆய்வாளரை அமர்த்துங்கள், தோட்டத்தில் நின்று எட்டிப்பார்ப்பவர் வேண்டாம்.

சுவர் வீட்டுக்காரர் பொறுப்பு. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு சீவாலுக்கும் டாக்குக்கும் பைசா தராது. 80 அடி முகப்பு, அடிக்குப் பல நூறு டாலர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து மனைச் சுவர் போனால் உங்கள் மண்ணும் ஓரமாகப் போகும், அதனால் இருபுறமும் அடுத்த சுவரையும் பாருங்கள்.

மேற்குக்கரை:

இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'திட்டமிட்ட நகரம்' என்பார்கள். திட்டம் ஊருக்கு இல்லை, விற்பனைக்கு. 1957இல் லியோனார்ட், ஜாக் ரோசன் இந்த ஊர் எழுந்த ரெட்ஃபிஷ் முனையை 6,78,000 டாலருக்கு வாங்கினார்கள். 400 மைலுக்கு மேல் கால்வாய் வெட்டியது வடிகாலுக்கு மட்டுமல்ல. வெட்டிய மண்ணால் மனை உயர்ந்தது, மனை எல்லாம் 'நீர்முகப்பு' ஆனது. விமானத்தில் ஏற்றிக் காட்டி, வாங்கின மனையில் மாவு மூட்டை போட்டு அடையாளம் காட்டின விற்பனை அது. கடைக்கும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் எத்தனை இடம் விட்டார்கள் பாருங்கள். வேலைக்கும் மருத்துவமனைக்கும் அக்கரையிலுள்ள ஃபோர்ட் மயர்ஸ் போக 1964 வரை ஊரிலிருந்து ஆற்றைக் கடக்கப் பாலமே இல்லை, மிட்பாயின்ட் பாலம் வந்தது 1997இல். ஊருக்குள் திரும்பும்போது சுங்கமும் கட்டவேண்டும்.

படகுத்துறை:

குறை சொல்லலாம், ஆனால் பாலமில்லாமல் கடலுக்குப் போகிற மனை இந்த விலைக்கு வேறெங்கே?

மேற்குக்கரை:

கரைமண் எழுதியதை மறுபடி படித்துவிட்டு அந்த விலையைக் கூட்டிப் பாருங்க.

கரைமண்:

சண்டை வேண்டாம். பழைய வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. வெள்ள அபாயப் பகுதியில் பழுதுச் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியைத் தொட்டால் முழு வீட்டையும் இன்றைய வெள்ள விதி கேட்கும் உயரத்துக்குக் கொண்டுவரவேண்டும். கட்டடம் மட்டும்தான் கணக்கு, மனை சேராது. கால்வாய்க்கரையில் பணமெல்லாம் மனையில்தான் இருக்கும். ஏழு லட்சம் டாலர் சொத்தில் கட்டடம் இரண்டு லட்சம் என்றால் வரம்பு ஒரு லட்சம். சொந்தக் கையால் செய்த வேலையையும் கூலி போட்டுக் கணக்கிடுவார்கள். கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) போட்ட மதிப்பு குறைவாக இருந்தால் தனியார் மதிப்பீட்டாளரிடம் கட்டடத்துக்கு மட்டும் மதிப்பீடு வாங்கிக் கொடுக்கலாம். எலிவேஷன் சான்றிதழை (வீட்டின் தள உயரத்தைக் காட்டுவது) வீடு வாங்கும் முன்பே கேளுங்கள். கடனில்லாமல் ரொக்கத்துக்கு வாங்கினால் புது வெள்ளக் காப்பீடு நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும், ஆகஸ்டில் குளோசிங் வைப்பவர்கள் ஜூலையிலேயே விண்ணப்பியுங்கள்.