‘ஆதனின் பொம்மை’: கதையா, கீழடிப் பாடமா?

தெப்பக்குளத்தான்:
எழுத்தாளர் உதயசங்கருக்கு 2023இல் சிறார் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது கிடைத்தது ‘ஆதனின் பொம்மை’ என்ற இந்தச் சிறார் நாவலுக்குத்தான். கீழடிக்குப் போகிற இன்றைய பையன் ஒருவன், பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் அதே மண்ணில் வாழ்ந்த ஆதனைச் சந்திக்கிறான். மதுரைக்காரன் என்பதால் ஆசையாகத்தான் கையில் எடுத்தேன். ஆனால் காலம் தாண்டிப் போகிற கதைகளில் எனக்கு ஒரு தீராத சலிப்பு உண்டு. ஒருத்தன் கேள்வி கேட்பான், இன்னொருத்தன் சுற்றிக் காட்டுவான். அந்தப் பையனுக்கு என்ன பயம், யார் மேல் கோபம் என்பதெல்லாம் பின்னால் போய்விடும். ஆறாவது படிக்கிற என் மகள் பாதியில் மூடி வைத்துவிட்டு, “இதெல்லாம் மியூசியத்துலயே பாத்தாச்சுப்பா” என்றாள். விருது கொடுத்தவர்கள் கதைக்குக் கொடுத்தார்களா, கீழடிக்குக் கொடுத்தார்களா?

சிலைமான் டீச்சர்:
மியூசியம் பார்த்த பிள்ளை அப்படித்தான் சொல்லும் சார். என் வகுப்பில் இருப்பவர்கள் கீழடி விலக்கைத் தாண்டித்தான் திருப்புவனம் சந்தைக்குப் போகிறார்கள். இறங்கிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். ‘கி.மு. ஆறாம் நூற்றாண்டு’ என்று கரும்பலகையில் எழுதினால் அது பரீட்சைக்கான வரி, அவ்வளவுதான். அப்போதும் ஒரு பையன் இருந்தான், விளையாடினான் என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சும் நிமிர்கிறது.

ஆதன் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருந்த பெயர்களில் ஒன்று அது. குவிரன் என்று இன்னொன்றும் உண்டு. ஓட்டில் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போன ஆளுக்கு வயசு, குணம், கூட்டாளி எல்லாம் கொடுக்க அகழாய்வு அறிக்கையால் முடியாது. கதைக்காரரால்தான் முடியும்.

தெப்பக்குளத்தான்:
பெயரை எடுத்த விதம் அழகு, அதில் எனக்குத் தகராறே இல்லை. பெயர் வைத்த பிறகு பிள்ளையை வளர்க்க வேண்டுமே, அதைத்தான் கேட்கிறேன்.

2020இல் இதே விருதை வாங்கிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் பொம்மை உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டிய சேதியும் உண்டு: தப்பான எண்ணத்தோடு தொடுகிறவர்களைப் பற்றி. ஆனால் அங்கே அந்தச் சிறுமியின் தவிப்புதான் முதலில் நம்மைப் பிடிக்கிறது, சேதி அதற்குள்ளேயே இருக்கிறது. தொல்லியலுக்கு அந்த வசதி கிடையாது என்பீர்கள். சரி, அப்படியென்றால் ஆசிரியர் இன்னும் கூடுதலாக மெனக்கெட வேண்டும்.

பானையோடு:
தொல்லியல் படிக்கிறேன், அதனால் என் கவலை வேறு. ‘2600 ஆண்டு’ என்று கீழடியைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே, அதன் அடிப்படை என்ன? மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரிக்கு அமெரிக்க ஆய்வகத்தில் கிடைத்த காலம் கி.மு. 580. இன்னொரு பக்கம், முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த அறிக்கையை, திருத்தித் தரச் சொல்லி 2025 மே மாதம் மத்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியது. அவர் மறுத்துவிட்டார். இவ்வளவு இழுபறி இருக்கும் விஷயத்தைக் கதைக்குள் முடிந்த முடிவாக வைத்தால், பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொள்ளாதா?

சிலைமான் டீச்சர்:
தம்பி, கதைக்குக் கீழே ‘கூடக் குறைய இருக்கலாம்’ என்று அடிக்குறிப்பா போட முடியும்? இழுபறி எல்லாம் வருஷக் கணக்கில்தான். அங்கே பகடை கிடைத்ததும் பாண்டி ஆடுகிற மாதிரிச் சில்லு கிடைத்ததும் சுடுமண் பொம்மை கிடைத்ததும் பொய்யா? சிறுவர் கதைக்கு அந்தச் சில்லு போதும். வருஷத்தை நீங்கள் சண்டை போட்டுத் தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள், பாடத்தில் திருத்திக்கொள்கிறோம்.

நூலகப் பூனை:
நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கு அடிக்கடி போகிறவள் நான். படம் போட்ட குட்டிப் புத்தகம் நிறைய உண்டு. பதினாறு வயசில் தூக்குகிற தடி தடியான ராஜா ராணிக் கதைகளும் உண்டு. நடுவில் பத்திலிருந்து பன்னிரண்டு வயசுக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடினால் கை நீள வேண்டியிருக்கிறது. கோவில்பட்டியில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே பெரியவர்களுக்குச் சிறுகதை எழுதியவர், மலையாளத்திலிருந்து பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்தவர் உதயசங்கர், அந்த இடத்துக்கு எழுத வந்திருக்கிறார். அதை வரவேற்காமல் எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் தெப்பக்குளத்து அண்ணன் பக்கம் சொல்கிறேன். சாகித்திய அகாதெமி 2010இல் ஆரம்பித்த விருது இது, 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும் கொடுக்கிறார்கள். தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோருமே பெரியவர்கள். பெரியவர்களுக்கு ‘பயனுள்ள’ புத்தகம் என்றால் ஒரு மயக்கம் உண்டு, அதை மறுக்க மாட்டேன்.

தெப்பக்குளத்தான்:
ஆள் குறைவு என்பதற்காகக் குறையைச் சொல்லக்கூடாது என்றால் எப்படிம்மா? ஆள் குறைவான இடத்தில்தான் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வேண்டிய கதையையும் சொல்லிவிடுகிறேன். கீழடியில் அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடலில் தென்னந்தோப்புக்குள் குழி வெட்டியபோது மண் அள்ளினவர்கள் சுற்றுவட்டாரத்து ஆட்கள்தான், பெண்களும் உண்டு. அப்படி ஒரு அம்மாவின் பிள்ளை கதாநாயகனாக வரட்டும். அவனுக்குச் சுற்றிக் காட்ட யாரும் வேண்டாம். அம்மாவின் கூலி அவனுக்குத் தெரியும், வெயில் தெரியும். ஆதன் அவனைத் தேடி வரட்டும்.

சிலைமான் டீச்சர்:
அந்த மாதிரிப் பையன் என் வகுப்பிலேயே இருக்கிறான் சார். அவன் அம்மா குழி வேலைக்குப் போனவர். புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு என்னிடம் கேட்டான்: “அவ்ளோ பாடுபட்டுத் தோண்டின குழியை ஏன் டீச்சர் மறுபடி மூடுனாங்க?” எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பானையோடு தம்பி, அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதுங்களேன்.

பானையோடு:
எழுதுகிறேன் டீச்சர். திறந்து கிடந்தால் மழையிலும் வெயிலிலும் செங்கல் கட்டுமானம் கரைந்து சிதைந்துவிடும், மண்ணுக்குள் இருந்தால் பத்திரம். அந்த நிலமும் தனியார் தோப்பு, அளந்து வரைந்து போட்டோ எடுத்து முடித்ததும் மூடித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் அம்மா எந்தக் கட்டத்தில் வேலை பார்த்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள், அந்த வருஷம் என்னென்ன கிடைத்தது என்பதையும் சேர்த்து அனுப்புகிறேன்.