அம்மாவின் வெள்ளைக் கத்தரியில் ஊதா ஏறிவிட்டது: இந்த விதையை இனிப் பகிரலாமா?

கேட்பவர்: வந்தவாசிப் பெண் (செங்கல்பட்டு)

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் வந்தவாசிக்குப் பக்கம். வீட்டுக் கொல்லையில் ஒரு கத்தரி வழிவழியாக இருந்தது. வெளுத்த நிறம், காம்பை ஒட்டி மட்டும் பச்சைக் கீற்று, காம்பில் முள், கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிய காய். அதற்கென்று ஒரு பெயர் கிடையாது. அம்மா "நம் வீட்டுக் கத்தரி" என்பார், பக்கத்து வீட்டார் "உங்கள் வீட்டுக் கத்தரி" என்பார்கள். கடைசலுக்கு அதுதான். இரண்டு கொதியில் வெந்துவிடும், மத்து வைத்தால் தோல்கூடத் தனியாக நிற்காது.

2021 மாசியில் அம்மா தவறிப்போனார். காரியம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பரணில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அகப்பட்டது. முக்கால் பாட்டில் சாம்பல், சாம்பலுக்குள் விதை. மூடியின் உள்பக்கம் ஒரு வேப்பிலைக் கொத்து காய்ந்து கிடந்தது. கொல்லையை விற்றாகிவிட்டது. அந்த பாட்டிலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

2022 ஆடியில் இங்கே மாடியில் 8 பைகளில் வைத்தேன். எட்டும் வெள்ளை. அன்றைக்கு மாடியில் வேறு கத்தரியே இல்லை. மூன்று காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து, 2023 தையில் 14 பேருக்குத் தபாலில் அனுப்பினேன். அவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். பதிலுக்கு மூக்குத்தி அவரை, குண்டுப் பீர்க்கு, சிறகு அவரை, யானைத்தந்த வெண்டை என்று வந்து குவிந்தது. அந்த ஒரு மாதம் தபால்காரர் மணியடித்தாலே எனக்குத் திருவிழாதான்.

தவறு 2023 ஆடியில் நடந்தது. நாற்றுப் பண்ணையிலிருந்து நான்கு ஊதா நீளக் கத்தரி வாங்கி, வெள்ளைக் கத்தரிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். அந்த வருடமும் வெள்ளைச் செடியில் காய் வெள்ளையாகத்தான் இருந்தது. நம்பி விதை எடுத்தேன், 2024 தையில் மேலும் 9 பேருக்கு அனுப்பினேன். மிச்சத்தைப் பழைய விதை இருந்த அதே பாட்டிலில் கொட்டினேன். அம்மாவின் சாம்பல் விதையில் மீந்திருந்ததும் அதற்குள்தான்.

இந்த ஆடியில் அந்த பாட்டிலிலிருந்து 10 செடி வைத்தேன். 7 வெள்ளை, 3 ஊதா. ஒரு ஊதாக் காயைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். நேற்று விதை வாங்கிய ஒருவரும் எழுதியிருக்கிறார்: "அக்கா, வெள்ளை என்று சொன்னீர்கள், ஊதாவாகக் காய்த்திருக்கிறது."

இப்போது என் கேள்விகள். காய் வெள்ளையாக இருந்தும் விதை எப்படிக் கலந்தது? மிச்சமுள்ள 7 செடியை நம்பலாமா? அந்த 9 பேருக்கு என்ன சொல்வது? இன்னொன்று, ஒருவர் விதைக்குப் பணம் தருகிறேன் என்கிறார். வாங்குவது சட்டப்படி சரியா?

பதில்: கொல்லைக்காரர் (திண்டிவனம்)

மகளே, முதலில் மனதைத் தேற்றிக்கொள். முப்பது வருடம் விதைச் சான்று வேலையில் இருந்தவன் சொல்கிறேன், இதில் மாட்டாதவர்கள் குறைவு.

காய் என்பது தாய்ச்செடியின் உடம்பு. தோல், சதை, நிறம் எல்லாம் தாயுடையது. மகரந்தம் கொடுத்த தகப்பன் விதைக்குள்தான் இருக்கிறான். அந்த விதையை நட்டு, அது காய்க்கும்போதுதான் அவன் முகம் தெரியும். 2023இல் நடந்தது 2024இல் தெரிந்தது அதனால்தான். கத்தரி பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்ளும். ஆனால் வண்டும் தேனீயும் வந்தால் கணிசமாகக் கலக்கும். விதைப் பண்ணைகளில் உழவருக்கு விற்கும் சான்று விதைக்கு 100 மீட்டர், அதை உண்டாக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். உன் மாடி முழுவதுமே பத்து மீட்டர் இருக்காது.

உனக்கு ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. நல்லது: கத்தரியில் ஊதா ஓங்கு நிறம், வெள்ளையோடு சேர்ந்தால் ஊதாதான் வெளியே தெரியும். கலப்பு இருந்தால் பெரும்பாலும் முதல் தலைமுறையிலேயே வெளியே வந்து நிற்கும். அந்த 3 செடியையும் இன்றே எடுத்துவிடு. காய் பறித்துச் சமைத்துக்கொள், வேரோடு போகட்டும். கெட்டது: பண்ணை நாற்று பெரும்பாலும் வீரிய ஒட்டாக, அதாவது இரண்டு ரகத்தைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினமாக இருக்கும். அதன் மகரந்தம் எல்லாமே ஊதாவைச் சுமந்துவரும் என்று சொல்ல முடியாது. ஆகவே வெள்ளையாகக் காய்க்கும் 7இலும் ஒன்றிரண்டில் வெளிக்கலப்பு ஒளிந்திருக்கலாம். காம்பில் முள் குறைந்தது, காய் நீண்டது, இலை மாறியது எதையும் விதைக்கு விடாதே. நாற்றிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. அம்மாவின் நாற்றுத் தண்டு சுத்தப் பச்சை என்று நினைவிருந்தால், ஊதாத் தண்டோடு முளைப்பதை அங்கேயே பிடுங்கிவிடலாம்.

அதைவிட நல்ல வழி, 2022 விதை யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுவது. நீ முதலில் அனுப்பிய 14 உறைதான் இன்று உன் பரண்.

பணம் பற்றி: 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 39ஆம் பிரிவில், உழவர் தம் விதையைச் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்று தெளிவாக இருக்கிறது. சட்டப்படி காப்புப் பெற்ற ரகத்தை, அந்த ரகம் என்று உறையில் அச்சிட்டு விற்பதற்குத்தான் தடை. தபால் செலவு வாங்கிக்கொள். அதற்குமேல் உன் மனது.

பதில்: காரமடைத் தோட்டம்

அக்கா, பை கட்டுங்கள். நகைக்கடையில் கொடுக்கும் மெல்லிய வலைத்துணிச் சுருக்குப்பை இருக்கிறதே, அது போதும். மொட்டு ஊதி நாளை மலரும் என்ற நிலையில் மாட்டிவிட வேண்டும். மலர்ந்த பூவில் மாட்டிப் பயனில்லை, வண்டு அதற்குள் வந்து போயிருக்கும்.

எல்லாப் பூவும் பிடிக்காது. நடுவில் இருக்கும் சூல்தண்டு மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூதான் காய்க்கும். குட்டையாக உள்ளே ஒடுங்கிய பூ உதிர்ந்துவிடும். மலர்ந்த பிறகு காலையில் பையின் மேலிருந்தே விரலால் இரண்டு முறை சுண்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள். என் நூல் கட்டிய காய் இரண்டு அப்படித்தான் போயிற்று.

நன்றாக மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆகும்வரை விடுங்கள். பிசைந்து தண்ணீரில் போட்டால் முற்றிய விதை அடியில் நிற்கும், மிதப்பதைக் கொட்டிவிடலாம். நிழலில் காயட்டும். இந்த மழைக்காலத்தில் செங்கல்பட்டில் விதை காய்வது சிரமம். ஒரு பிடி அரிசியை வறுத்து ஆறவைத்து, துணியில் முடிந்து, விதையோடு இறுக்கமான பாட்டிலில் ஒரு வாரம் வையுங்கள். ஈரத்தை அரிசி வாங்கிக்கொள்ளும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது பொதுக் கணக்கு. அம்மா சாம்பலில் போட்டு வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

பதில்: மொட்டைமாடி (மதுரை)

சகோதரி, எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. நாட்டு விதை என்பது காட்சிப்பெட்டிக்குள் வைத்த பொருள் அல்ல. நம் பாட்டிமார் எவரும் பை கட்டவில்லை. பக்கத்துக் கொல்லையோடு கலந்து கலந்துதான் இத்தனை ரகம் வந்தது. அந்த ஊதா மூன்றில் ஒன்று ருசியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தத் தாராளம் கத்தரிக்கு மட்டும். சுரை, பீர்க்கு பகிர்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். கசப்பு வந்த கொடியிலிருந்து ஒரு விதைகூட எடுக்காதீர்கள். கசக்கும் சுரை உடம்புக்கு நஞ்சு, ஆளையே மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். விதைக்கு விடும் கொடியில் வேறொரு பிஞ்சைக் கிள்ளி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புங்கள். கசந்தால் கொடியையே பிடுங்கிவிடுங்கள்.

கேட்பவர்: வந்தவாசிப் பெண்

மதுரை அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. மாறுவதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவும் மாற்றியிருப்பார். ஒவ்வொரு வருடமும் எந்தச் செடியில் முதல் காய் நன்றாக வந்ததோ அதில் துணி கட்டிவிடுவார். அது அவர் பார்த்துத் தேர்ந்த மாற்றம். இதுவோ என் கவனக்குறைவால் வந்தது. அது தெரியாமலே 9 பேர் வீட்டுக்குப் போய்விட்டது. பழைய கத்தரி ஒரு இடத்தில் பத்திரமாக இருந்தால், ஊதாவையும் தனியாக வளர்த்துப் பார்க்க எனக்கு மனம் வரும்.

திண்டிவனம் ஐயா, நாற்றுத் தண்டு பச்சைதான். 2022இல் எடுத்த படம் கைப்பேசியில் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

பதில்: சீர்காழித் திண்ணை

அக்கா, உங்கள் 14 பேரில் நான் ஒருத்தி. 2023 தையில் நீங்கள் அனுப்பிய உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. விதை நசுங்காமல் இருக்கக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி இருபுறமும் வைத்திருந்தீர்கள், நினைவிருக்கிறதா? மேலே உங்கள் கையெழுத்தில் "வெள்ளைக் கத்தரி, அம்மா, 2022" என்று மட்டும் எழுதியிருந்தது.

பாதியைத்தான் விதைத்தேன். அந்த வருடம் மழைத்தண்ணீர் நின்று எல்லாம் அழுகிவிட்டது. உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் பதில் எழுதவே இல்லை, மன்னியுங்கள். மீதியைக் காற்றுப் போகாத டப்பாவில் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தேன். இன்று எண்ணிப் பார்த்தேன், 22 இருக்கிறது. 12 உங்களுக்கு அனுப்புகிறேன். 10ஐ நான் வைத்துக்கொள்கிறேன். இரண்டு இடத்தில் இருப்பதுதான் நல்லது. எங்கள் தெருவில் வேறு யாரும் கத்தரி வைப்பதில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உறையில் கூடுதலாக எழுதுங்கள். எந்த ஊர், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, பக்கத்தில் வேறு கத்தரி இருந்ததா, பை கட்டினீர்களா, என்ன சமைத்தால் நன்றாக இருக்கும். ஊர்ப் பெயரையும் சேர்த்து விடுங்கள். வேலூர் முள் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது ஊரோடு பெயர் ஒட்டியிருந்ததால்தானே? உங்கள் கத்தரிக்குப் பெயரே இல்லாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

பதில்: கொல்லைக்காரர் (திண்டிவனம்)

சீர்காழி மகள் நல்ல காரியம் செய்தாள். குளிரில் உலர்வாக இருந்த கத்தரி விதை இரண்டு வருடத்தில் போகாது. பன்னிரண்டு விதை என்பதால் முளைப்புச் சோதனை என்று தனியாக வீணாக்காதே. ஈரத்துணியில் முடிந்து வை, முளை கட்டியதை அப்படியே குழித்தட்டில் ஊன்று. பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகலாம், அவசரப்படாதே.

கேட்பவர்: வந்தவாசிப் பெண் (தைப் பொங்கலுக்குப் பிறகு)

உறை வந்து சேர்ந்தது. சீர்காழித் தங்கை உள்ளே ஒரு பிடி பனங்கற்கண்டும் வைத்திருந்தாள். ஈரத்துணியில் முடிந்து அடுப்படி அலமாரியில் வைத்தேன். ஒன்பதாம் நாள் 12இல் 8 முளைவிட்டன, பன்னிரண்டாம் நாள் இன்னும் ஒன்று. ஒன்பதும் இப்போது குழித்தட்டில் இரண்டிலை விட்டிருக்கின்றன. எல்லாத் தண்டும் பச்சை.

கலப்பு விதை போன 9 பேருக்கும் தனித்தனியாக அட்டை எழுதிவிட்டேன். ஏழு பேர் பதில் போட்டார்கள். திருக்கோவிலூர் அம்மா ஒருவர், ஊதா வந்த செடியில் காய் பெரிது, எண்ணெய்க் குழம்புக்கு நன்றாக இருக்கிறது, பிடுங்க மாட்டேன் என்கிறார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் என் அம்மா பெயரில் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

பழைய பாட்டிலைக் காலி செய்து கழுவிக் காயவைத்திருக்கிறேன். சாம்பலை மட்டும் கொட்ட மனம் வரவில்லை, சலித்து எடுத்து வைத்திருக்கிறேன். மாடியில் இந்தத் தைப்பட்டத்துக்கு வேறு கத்தரி கிடையாது. பங்குனியில் பூ வைக்கும்போது மாட்ட 20 சுருக்குப்பை தைத்தாகிவிட்டது. வைகாசிக்கு மேல் விதை வேண்டுகிறவர்கள் இங்கே எழுதுங்கள். பெற்றுக்கொள்கிறவர் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும்: நான் கொடுப்பதில் பாதியை விதைக்காமல் வைத்திருக்க வேண்டும்.