புதுப்பிப்பு: அப்பாவின் சோர்வு பற்றிக் கேட்டிருந்தேனே

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துகொண்டே போகிறார், யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தேன். “வயசானா அப்படித்தான்” என்றார்கள் பலர். அப்படி விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

முதியோர் மருத்துவர் கைப்பிடியின் பலத்தை அளக்கும் ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுகப் பிடிக்கச் சொன்னார். அப்பாவால் முள்ளை நகர்த்தவே முடியவில்லை. எடைக் குறைவு, களைப்பு, பிடியில் பலமின்மை, மெதுவான நடை, நடமாட்டக் குறைவு: இந்த 5-இல் 3 இருந்தாலே உடல் நலிவு என்றார். கூடவே மனச்சோர்வு. ஒன்று மற்றதை வளர்த்துவிடுமாம்.

தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகள் பார்த்தாயிற்று. மனச்சோர்வு மாத்திரையும் பிசியோதெரபியும் ஆரம்பித்திருக்கிறோம். மாத்திரை வேலைசெய்யச் சில வாரங்களாகும். சிலவகை மாத்திரைகளால் வயதானவர்களுக்குச் சோடியம் குறையலாம். ரத்தப் பரிசோதனை முக்கியம்.

அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.