புதுப்பிப்பு: டபிள்யூசிஎஸ்விட்த் -1 தந்த சிக்கல் தீர்ந்தது

சீன எழுத்து வரும் வரிகளில் என் சி நிரலின் அட்டவணை கோணலாகிறது, ஒரு சரம் திரையில் எத்தனை கட்டம் (ஓர் ஆங்கில எழுத்தின் அகலம்) பிடிக்கும் என்று சொல்ல வேண்டிய டபிள்யூசிஎஸ்விட்த் சார்பு எப்போதும் -1 தருகிறது என்று கேட்டிருந்தேன். காரணம் இரண்டு. நிரல் எந்த மொழி, எழுத்து அமைப்பில் இயங்க வேண்டும் என்று சொல்லும் செட்லொக்கேலை நான் அழைக்கவே இல்லை; மெயின் தொடக்கத்தில் வெற்றுச் சரம் கொடுத்து அழைத்ததும் பாதி சரியானது. மற்றதுதான் இரண்டு நாள் அலையவிட்டது: கோப்பிலிருந்து ஒரு வரியைப் படிக்கும் எஃப்கெட்டபிள்யூஎஸ் வரிமுடிவு எழுத்தையும் சேர்த்தே படிக்கும். இப்படி அச்சாகாத எழுத்து ஒன்று இருந்தாலும் மொத்தச் சரத்துக்கும் -1தான்! அதை வெட்டியதும் இரண்டு சீன எழுத்துக்கு 4 கட்டம் என்று சரியாக வந்தது. ஆசையாக 'க்' கொடுத்துப் பார்த்தேன்: குறியீடுகளை எண்ணும் டபிள்யூசிஎஸ்லென் 2 (க, புள்ளி), அகலம் 1. புள்ளிக்குத் தனி இடம் இல்லை.

சரத்தை 10 இடத்துக்கு நிரப்பி அச்சிடும் பிரின்ட்எஃப்பின் %-10எஸ் திரை அகலத்தை அல்ல, பைட்டைத்தான் எண்ணும், அதை நம்பாதீர்கள். மீதிக் கட்டங்களை இப்போது நானே கணக்கிட்டு நிரப்புகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.