அட்லாண்டிக் பிளவு: மேரி தார்ப்பா, ஹீசனா?

பாறைப்பித்தன்: நேற்று ஒரு மேதை இங்கே எழுதியிருந்தார்: "கடலுக்கடியில் ஓடும் நடு அட்லாண்டிக் மலைத்தொடரின் பிளவைக் கண்டுபிடித்தவர் நிலவியலாளர் புரூஸ் ஹீசன். மேரி தார்ப் படம் வரைந்தவர், அவ்வளவுதான்." படித்ததிலிருந்து எரிகிறது. 1952-ல் கப்பலிலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு எடுத்த ஆழ அளவுகளை வைத்து கடலடியின் குறுக்குவெட்டுகளை வரைந்து, முகட்டின் நடுவே ஆழமான பள்ளம் ஓடுவதைப் பார்த்தவர் தார்ப். ஹீசன் அதைப் "பெண்பிள்ளைப் பேச்சு" என்று ஒதுக்கினார்.

மாலுமி மைந்தன்: அந்த மேதை நான்தான். தார்ப் கப்பலில் ஏறினாரா?

பாறைப்பித்தன்: ஏற விடவில்லை ஐயா! இருவரும் வேலை பார்த்த லமான்ட் ஆய்வகத்தின் வீமா கப்பலில் பெண்களுக்கு இடமில்லை. 1968-ல்தான் ஆய்வுக் கப்பலில் போக முடிந்தது.

மாலுமி மைந்தன்: ஆக, ஏறவில்லை. நன்றி.

தேன்மொழி: அதே கடலின் நிலநடுக்க மையங்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்த ஹோவர்ட் ஃபாஸ்டரை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்களே? புள்ளிகள் வரிசையாகத் தார்ப்பின் பள்ளத்தில் விழுந்த பிறகுதான் ஹீசனே நம்பினார்.

பாறைப்பித்தன்: அதைச் சொல்லத்தான் வந்தேன், அதற்குள் நீங்கள். இன்னும் கேளுங்கள். 1956-ல் ஆய்வகத் தலைவர் யூயிங்கும் ஹீசனும் எழுதிய கட்டுரையில் தார்ப் பெயரே இல்லை. கடலாய்வாளர் குஸ்தோ நம்பாமல் கேமராவைக் கடலடியில் இழுத்துப் போனார். பள்ளம் இருந்தது! 1959-ல் நியூயார்க் மாநாட்டில் அந்தப் படத்தைப் போட்டும் காட்டினார். உங்கள் ஹீசன் என்ன முடிவுக்கு வந்தார்? பூமி ஊதிப் பெருக்கிறதாம்.

மாலுமி மைந்தன்: 1977-ல் ஐஸ்லாந்து அருகே ஆய்வு நீர்மூழ்கியிலேயே உயிரைவிட்ட மனிதரைக் கேலி செய்யாதீர்கள். 1959-ல் ஹீசன் கடலடி பற்றி வெளியிட்ட நூலில் தார்ப் பெயரும் இருக்கிறது, அதை ஏன் மறைத்தீர்கள்? அலையில் கிடந்து அளவெடுத்தவன் ஒருவன், பெயர் மேசையில் இருந்தவருக்கா? கப்பலில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

பாறைப்பித்தன்: படகில் கால் வைத்தாலே வாந்தி வரும் என்று போன வருடம் எழுதியவர் அலையைப் பற்றிப் பேசுகிறார். பெயர் மட்டும் மாலுமி மைந்தன்!

மாலுமி மைந்தன்: அது என் தம்பி. புளூட்டோ விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள்.

தேன்மொழி: ஃபாஸ்டர்?

பாறைப்பித்தன்: கொஞ்சம் இருங்கம்மா. யார் ஓடியது? அந்தப் பழைய இழையைத் தோண்டி எடுத்து வருகிறேன்.