கண்டிகோட்டா: ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாமா?

இரட்டைவால் கேட்டது:
பொங்கல் கழிந்ததும் ஆந்திராவில் இருக்கிற கண்டிகோட்டாவுக்குப் போகலாம் என்று வீட்டில் ஒரே நச்சரிப்பு. இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள்: பாறை விளிம்பு, கீழே பச்சைத் தண்ணீர், காலைத் தொங்கப்போட்டு ஓர் ஆள். சென்னையிலிருந்து ஏழெட்டு மணி நேரம் காரில் போய் அந்த ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? அப்பாவும் வருகிறார். வயது 68, ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார், முழங்கால் வலி உண்டு. கூடவே ஒன்பது வயது வாண்டு. இரண்டு நாள்தான் கையில். பேலம் குகையையும் சேர்க்கலாமா?

கல்லுக்கடை:
தம்பி, நான் இருபத்திரண்டு வருடம் கடப்பாக்கல் வியாபாரம் பார்த்தவன். எர்ரகுண்ட்லா, ஜம்மலமடுகு என்று லோடு எடுக்கப் போய்ப் போய் அந்த ஊர்த் தெலுங்கே வாயில் ஒட்டிக்கொண்டது. அப்படியும் முதல் பதினோரு வருடம் கண்டிகோட்டாவை எட்டிப் பார்க்கவில்லை. ஜம்மலமடுகுவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான். ஒரு நாள் லாரி ஆக்சில் போய்விட்டது, மெக்கானிக் சாயங்காலம் வாங்க என்றார், பொழுது போகாமல் ஆட்டோ பிடித்துப் போனேன். அன்றைக்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

கல் பார்த்துப் பழகின கண் என்பதால் முதலில் பாறைதான் தெரிந்தது. நம் சமையலறை மேடையில் கிடக்கிற கறுப்புக் கல் சுண்ணாம்புக்கல் வகை. பள்ளத்தாக்கில் இருப்பது அது இல்லை, குவார்ட்ஸைட். நூறு கோடி வருடத்துக்கும் முன்னால் படிந்த மணல் இறுகி இறுகிக் கல்லானது. நேர் நேராக வெடிக்கும் என்பதால் யாரோ பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தது போல நிற்கும். அதை அறுத்துக்கொண்டு போவது பென்னா ஆறு, நம் ஆட்கள் வடபெண்ணை என்பார்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஓசூர் வழியாகக் கடலூருக்கு வந்துவிட்டாள், இன்னொருத்தி இந்தப் பாறையோடு மல்லுக்கட்டி நெல்லூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறாள். படத்தில் தேங்கித் தெரிகிற தண்ணீர் கீழே மைலாவரம் அணை கட்டியதால் நிற்பது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளத்தாக்கை மட்டும் பார்ப்பதென்றால் போகவே வேண்டாம். தெலுங்கில் கண்டி என்றால் மலையிடுக்கு, கோட்டா என்றால் கோட்டை. பெயரிலேயே இரண்டும் இருக்கிறது. வடக்கே ஆறே அகழி, அந்தப் பக்கம் எவனும் ஏறி வர முடியாது. விஜயநகரத்துக்குக் கீழே பெம்மசானி நாயக்கர்கள் ஆண்ட இடம். 1650 வாக்கில் கோல்கொண்டா சுல்தானின் அமைச்சர் மீர் ஜும்லா பிடித்துக்கொண்டார். 1652-ல் பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே அவரைப் பார்க்க இங்கேயே வந்தார். வியாபாரி எங்கேயும் போவான், நான் மட்டும் என்ன! மீர் ஜும்லாவுக்குப் பீரங்கி வார்க்க ஒரு பிரெஞ்சுக்காரர் இங்கே வேலை செய்ததையும் தவெர்னியே எழுதி வைத்திருக்கிறார். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முழங்கால் வலி மறந்துவிடும்.

உள்ளே மாதவராய சுவாமி கோயில், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, பக்கத்திலேயே பெரிய தானியக் களஞ்சியம், புறாக்கூண்டுக் கோபுரம், குளம். கோட்டைக்குள் ஜனங்கள் இன்னமும் குடியிருக்கிறார்கள். சுவருக்குள்ளே ஆடு மேயும். நான் போய் உட்காருவது களஞ்சியத்துக்குள்தான். வெயிலில் வந்து நுழைந்தால் அந்தக் குளுமை இருக்கிறதே, நெல்லுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது.

சாயங்காலம் கோட்டை, மறுநாள் விடியலில் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும், அதில் பேரமே இல்லை.

பென்சில்சீவி:
பேலம் பற்றி நான் சொல்கிறேன். கண்டிகோட்டாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். குகை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், நம்மை விடுவது ஒன்றரை கிலோமீட்டர். போன வருடம் என் மாமியாரை அழைத்துப் போய்ப் பாதியில் மாட்டிக்கொண்டேன். காற்றுக்குழாய் வைத்திருந்தும் உள்ளே வியர்த்து ஊற்றுகிறது, சில இடத்தில் குனிய வேண்டும், பாதாளகங்கை வரை படி இறங்க வேண்டும். ஏறும்போது அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐயாவை முதல் பெரிய கூடம் வரை கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டு, வாண்டோடு நீங்கள் மட்டும் கீழே போங்கள்.

இரட்டைவால்:
ரொம்ப நன்றி ஐயா, அக்காவுக்கும். தவெர்னியே என்றதும் அப்பா பீரோவைத் திறந்து பழைய நோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஒரே பயம்: விளிம்பில் கம்பி எதுவும் இல்லையாமே? இவனைக் கட்டிப்போட முடியாது.

கல்லுக்கடை:
இல்லை. அங்கே பிள்ளையின் கையை விடாதீர்கள், மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும். பெரியவர் ரங்கநாதர் கோயில் பக்கமே நின்றுகொள்ளட்டும். அப்புறம், போகிற வழியில் ராஜம்பேட்டை தாண்டினால் ஒண்டிமிட்டா வரும். அந்தக் கோதண்டராமர் கோயிலையும் தவெர்னியே பார்த்துப் புகழ்ந்திருக்கிறார். நோட்டு கிடைத்தால் அந்தப் பக்கத்தையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.